மூன்றாம் ஆண்டிலும் புகையாத அடுப்பு

வாங்கிய புதிதில் எந்த அடுப்பும் புகையில்லா அடுப்புதான். குழாய்க்குள் கரி ஏறியிருக்காது, மண்பூச்சு வெடித்திருக்காது, விற்றவர் சொல்லிக்கொடுத்தபடி விறகைச் சன்னமாகப் பிளந்து வைக்கும் ஆர்வமும் வீட்டில் வற்றியிருக்காது. இரண்டு மழைக்காலம் போன பிறகு அதே அடுப்பு எப்படி எரியும் என்பதை வாங்கும் முன்பே யோசித்தாக வேண்டும். அடுப்பைப் பற்றிப் பேச்சு வந்தால் நாம் விலையையும் வடிவத்தையும் பேசுகிறோம். நுரையீரல் வைத்திருக்கும் கணக்கு வேறு. முப்பது வருஷம் அன்றாடம் உள்ளே போனதை எல்லாம் அது கூட்டி வைக்கிறது.

அந்தக் கூட்டல் சிறியதல்ல. விறகு, வறட்டி, கரி போன்றவற்றின் வீட்டுப் புகையால் 2020இல் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு, மாரடைப்பு, பக்கவாதம், நுரையீரல் புற்றுநோய், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் நிமோனியா எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. கண்புரையையும் மருத்துவர்கள் இதோடு சேர்த்துப் பார்க்கிறார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் 436 வீடுகளை அளந்து, டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணன் தலைமையிலான சென்னை ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்ட முடிவு, யாருக்கு என்ன பங்கு என்பதைத் தெளிவாகக் காட்டியது. விறகெரியும் அடுப்பங்கரையில், சமைக்கும் நேரத்தில், சுவாசத்தில் நுழையக்கூடிய நுண்துகள் ஒரு கன மீட்டர் காற்றில் 500 முதல் 2,000 மைக்ரோகிராம் வரை இருந்தது. நாள் முழுவதுக்குமான சராசரியாகப் பார்த்தால், சமைப்பவர் சுவாசித்தது சுமார் 231. அதே வீட்டில் சமைக்காதவர் சுவாசித்தது 90. கேஸ் போன்ற தூய எரிபொருள் உள்ள வீட்டாருக்கு 82. ஒரே கூரையின் கீழ் அடுப்புக்கு முன்னால் உட்காருகிறவருக்கு மட்டும் இரண்டரை மடங்கு! புகையை 'வீட்டுப் பிரச்சினை' என்று சொல்வதே ஒரு மழுப்பல்தான்.

ஒடிசாவும் குவாத்தமாலாவும்

நல்ல அடுப்பைக் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம் அரசுகளும் ஒரு காலத்தில் நம்பின. 1980களில் தொடங்கி 2002 வரை நடந்த தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டத்தில் சுமார் 3.5 கோடி அடுப்புகள் நாடெங்கும் வழங்கப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை நெடுநாள் நிலைக்கவில்லை. ஏன் என்பதற்கான விடை பின்னால் ஒடிசாவில் கிடைத்தது. ரேமா ஹன்னா, எஸ்தர் டுஃப்ளோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் என்ற மூன்று பொருளியலாளர்கள் அங்கே சுமார் 2,600 குடும்பங்களை நான்கு ஆண்டு வரை தொடர்ந்து பார்த்தார்கள். சிம்னி வைத்த மண்ணடுப்பு கிடைத்த வீடுகளில் முதல் வருஷம் புகை உள்ளே போவது குறைந்தது. அதன் பிறகு வித்தியாசமே இல்லை. விறகுச் செலவும் குறையவில்லை, உடல்நலமும் மாறவில்லை. உடைந்ததைப் பலர் பூசவில்லை, குழாயைப் பலர் துப்புரவு செய்யவில்லை, பழைய அடுப்பும் பக்கத்திலேயே எரிந்துகொண்டிருந்தது.

அதே காலத்துக்குச் சற்று முன்பு, 2002க்கும் 2004க்கும் இடையில், குவாத்தமாலாவின் மலைப்பகுதியில் 534 குடும்பங்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. அங்கேயும் கொடுத்தது சிம்னி வைத்த விறகடுப்புதான். ஆனால் களப்பணியாளர்கள் வாராவாரம் வீட்டுக்குப் போனார்கள். அடுப்பில் கோளாறு இருந்தால் சரிசெய்ய ஏற்பாடு நடந்தது. குழந்தைகள் சுவாசித்த கார்பன் மோனாக்சைடு பாதியாகக் குறைந்தது. நிமோனியா மொத்தமாகக் குறைந்தது என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு எண்கள் வரவில்லை என்றாலும், கடுமையான நிமோனியா ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இரண்டு நாடு, இரண்டு சமையல்; அடுப்புகளும் ஒரே மாதிரியானவை அல்ல; ஆகவே நேருக்கு நேர் ஒப்பிடுவதில் கவனம் வேண்டும். ஆனாலும் கண்ணில் உறுத்தும் வேறுபாடு, அந்த வாராந்திர வருகை. நம் வீட்டுக்கு அப்படி யாரும் வரப்போவதில்லை. ஆகவே அடுப்பைத் தேர்ந்தெடுப்பது என்பது, அதைப் பேணும் வேலை நம் கைக்கு எட்டுகிறதா என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதுதான் என்பது என் வாதம்.

புகை என்பது எரியாத விறகு

விறகு கட்டையாகவே எரிவதில்லை. சூடேறும்போது அதன் எடையில் முக்கால் பங்குக்கு மேல் வாயுவாகப் பிரிந்து வெளியேறுகிறது. நாம் பார்க்கும் ஜுவாலை அந்த வாயு எரிவதுதான். மிச்சம் கரியாக நின்று தணலாகிறது. அந்த வாயு முழுதாக எரிய மூன்று காரியம் நடக்க வேண்டும்: அடுப்பின் வயிறு நன்றாகச் சூடாக இருக்க வேண்டும், காற்று போதுமான அளவு வந்து வாயுவோடு கலக்க வேண்டும், எரிந்து முடியும்வரை அது ஜுவாலைக்குள் தங்க வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் எரியாத மிச்சம் புகையாக வருகிறது. பாத்திரத்தின் அடியில் கரி அப்புகிறது என்றால் அங்கே காசு கொடுத்து வாங்கிய விறகு அப்பியிருக்கிறது என்று அர்த்தம். வயிற்றை நிரப்பினால் தீ நன்றாக எரியும் என்று நினைத்து விறகைத் திணிக்கும் பழக்கம் காற்றின் வழியை அடைக்கிறது. பிறகு ஊதுகுழலை எடுத்து, முகத்தை அடுப்பு வாய்க்கு நேரே கொண்டுபோய், இருப்பதிலேயே மோசமான காற்றை ஆழமாக இழுத்து ஊத வேண்டியதாகிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. புகை கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் காற்று சுத்தம் என்று ஆகாது. தணலில் புகை இருக்காது. ஆனால் நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் குளிருக்காக மூடிய அறைக்குள் கரியடுப்பை வைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழாமல் போன செய்திகளுக்கு இதுதான் காரணம்.

கடையில் பார்க்க வேண்டியவை

விறகடுப்புகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தரம் ஒன்று இருக்கிறது: ஐ.எஸ். 13152, 2013இல் திருத்தப்பட்டது. இயற்கையாகக் காற்று இழுக்கும் அடுப்பு, விறகின் வெப்பத்தில் குறைந்தது 25 சதவீதத்தைப் பாத்திரத்துக்குக் கொடுக்க வேண்டும். சிறு மின்விசிறி வைத்த அடுப்பு 35 சதவீதம். மூன்று கல் கூட்டிய அடுப்பில் இது பத்து சதவீதத்தை ஒட்டியே இருக்கும். துகளுக்கும் வரம்பு உண்டு. பாத்திரத்தில் சேரும் ஒரு மெகாஜூல் வெப்பத்துக்கு முதல் வகை 350 மில்லிகிராம் வரை வெளியிடலாம், விசிறி வகை 150 வரைதான். எண்களைப் பார்த்தால் விசிறி அடுப்பையே வாங்க வேண்டும் என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். அந்தச் சோதனை நடப்பது ஆய்வுக்கூடத்தில், காய்ந்து ஒரே அளவாக நறுக்கிய விறகில். விசிறிக்கு பேட்டரி வேண்டும், சார்ஜ் வேண்டும், விறகை விரல் நீளத் துண்டுகளாக வெட்டிப் போட வேண்டும். விசிறி நின்றுபோனால் பக்கத்து ஊரில் அதைச் சரிசெய்ய ஆள் இருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லை என்றால் 350 அளவுள்ள சாதாரண அடுப்பு, ஓடாத 150ஐ விட மேல்.

வீட்டுக்குள் வைப்பதென்றால் சிம்னி இல்லாத அடுப்பை எண்ணிப் பார்க்கவே வேண்டாம். 'எல்' வடிவ எரியறை கொண்ட ராக்கெட் அடுப்பு நன்றாக எரியக்கூடியது, விறகையும் மிச்சம் பிடிக்கும். ஆனால் குழாய் இல்லாமல் விற்கப்படுபவை முற்றத்துக்கும் தாழ்வாரத்துக்கும் உரியவை. விறகைத் தரையோடு படுக்கவைக்காமல் கம்பித்தட்டின் மேல் தூக்கி நிறுத்தும் அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அடியிலிருந்து காற்று ஏறாவிட்டால் மற்றது எதுவும் பலிக்காது. உங்கள் பானை அந்த வாயில் சரியாக உட்காருகிறதா என்பதையும் பாருங்கள். பானை பொருந்தாத அடுப்பு ஒரு மாதத்தில் மூலைக்குப் போய்விடும். பழைய இரட்டை அடுப்பில் கொடியடுப்பின் வாயைத் திறந்து வைத்தால் புகை அங்கே வெளியேறும். அந்த வாயில் பாத்திரம் வைக்காத வேளையில் மூடி ஒன்று வேண்டும்.

ஆடியில் பிளந்த விறகு

பச்சை விறகின் எடையில் பாதி தண்ணீர். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்கச் சுமார் 2,600 கிலோஜூல் வெப்பம் செலவாகிறது. காய்ந்த விறகு ஒரு கிலோ தருவது 16,000 முதல் 18,000 வரை. வீணாகும் வெப்பம்கூடப் பெரிய நஷ்டமில்லை. அந்த ஈரம் அடுப்பின் வயிற்றைக் குளிரவைத்து, வாயு எரியாமல் போகச் செய்கிறதே, அங்கேதான் கேடு. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய அடுப்பும் ஈர விறகில் மூன்று கல் அடுப்பாகிவிடும். ஆகவே செலவில்லாத முதல் சீர்திருத்தம் அடுப்பில் இல்லை, விறகு அடுக்கும் இடத்தில் இருக்கிறது. ஆடியில் பிளந்து, தரையில் படாமல் செங்கல் மேல் காற்றோட்டமாக அடுக்கி, மேலே மட்டும் தகரம் போட்டால் ஐப்பசி மழைக்குள் காய்ந்துவிடும். முழுக் கட்டை காயாது. மணிக்கட்டுப் பருமனுக்குள் பிளக்க வேண்டும். இரண்டு கட்டையை மோதினால் மந்தமாகச் சத்தம் வந்தால் ஈரம், கணீரென்று வந்தால் பதம். வெட்டுமுகத்தில் கீறல் ஓடியிருப்பதும் அடையாளம். சீமைக்கருவேலம், சவுக்கு, புளி எல்லாம் நல்ல விறகுதான், காய்ந்தால். தென்னை மட்டையும் பாளையும் பற்றவைக்க உதவும். பற்றவைப்பதற்குப் பாலிதீன் பையைக் கொளுத்துவதும், பெயின்ட் அடித்த பழைய சட்டத்தையும் பிளைவுட் துண்டையும் போடுவதும் விறகுப் புகையோடு வேறு நஞ்சையும் சேர்க்கின்றன.

கேஸ்தான் இருக்கிறதே?

இருக்கிறது, முடிந்தவரை அதிலேயே சமைப்பது நல்லது. விறகடுப்பைப் பற்றி எழுதுகிறவர் இதைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நாட்டில் சுமார் 59 சதவீதக் குடும்பங்கள் தூய எரிபொருளில் சமைக்கின்றன. தமிழ்நாட்டில் ஐந்தில் நான்குக்கும் மேல். ஆனால் கணக்கெடுப்பில் கேட்ட கேள்வி முதன்மையான எரிபொருளைப் பற்றியது. குளிக்க வெந்நீர் போடவும், நெல் அவிக்கவும், மாட்டுக்குக் காய்ச்சவும், சிலிண்டர் தீர்ந்த வாரத்தைத் தள்ளவும் கொல்லையில் ஓர் அடுப்பு எரிவதை அது எண்ணுவதில்லை. உடம்பு எண்ணுகிறது. புகையைப் பாதியாகக் குறைத்தால் நோயும் பாதியாகக் குறையும் என்ற கணக்கும் சரியில்லை; புகை மிகக் குறைந்த அளவுக்கு வந்த பிறகுதான் நன்மையின் பெரும்பங்கு கைக்கு வருகிறது என்பதே இப்போதைய புரிதல். கேஸ் வந்துவிட்டது என்று கொல்லை அடுப்பைக் கவனிக்காமல் விட்டால் பாதி வழியில் நின்றதாகும்.

இதற்கு எதிராகக் கனமான ஒரு கேள்வியை எழுப்பலாம். விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிகளோடு குவாத்தமாலா, பெரு, ருவாண்டா நாடுகளையும் சேர்த்து சுமார் 3,200 கர்ப்பிணிகளிடம் நடந்த பெரிய ஆய்வில், பாதிப் பேருக்கு கேஸ் அடுப்பு இலவசமாகத் தரப்பட்டது. மற்றப் பாதியினர் சுவாசித்த நுண்துகள் சுமார் 70 மைக்ரோகிராம் என்றால், இவர்கள் சுவாசித்தது 24 அளவில்தான். ஆனாலும் குழந்தைகளின் பிறப்பு எடையில் குறிப்பிடும்படியான மாற்றம் இல்லை. முதல் வருஷத்தில் கடுமையான நிமோனியாவும் குறையவில்லை. கேஸாலேயே ஆகாதது சிம்னியால் ஆகுமா? கேள்வி நியாயமானது, முடிவை மறைக்கவும் கூடாது. ஆனால் அந்த ஆய்வு அளந்தது சுமார் பதினெட்டு மாதத்துப் பலனை. சமைப்பவரின் நுரையீரலும் இதயமும் பல பத்தாண்டுகளில் கெடுபவை. பதினெட்டு மாதம் அவற்றுக்குப் பதில் சொல்லாது. குழந்தைக்கு உடனே பலன் தெரியும் என்று வாக்குக் கொடுத்து யாராவது அடுப்பு விற்றால் நம்பாதீர்கள் என்பதுதான் அந்த ஆய்விலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

'நம் பாட்டி எண்பது வயது வரை விறகில்தான் சமைத்தாள்' என்பது அடுத்த வாதம். எண்பது வரை இருந்த பாட்டியைத்தான் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். ஐம்பதில் இளைத்து இளைத்துப் போனவளின் இருமலுக்கு அன்று பெயரில்லை. தவிர, அவள் சமைத்தது ஓட்டுச் சந்து வழியே புகை கசிந்து போன அடுப்பங்கரையில். காங்கிரீட் கூரையும் ஒற்றை ஜன்னலும் உள்ள இன்றைய அறையில் அதே அடுப்பு அதே அடுப்பல்ல. புகை கொசுவை விரட்டும், கீற்றைப் பூச்சி அரிக்காமல் காக்கும் என்பதில் கொஞ்சம் உண்மை உண்டு. அதற்கு மனித நுரையீரல் விலையாக வேண்டாம். ருசியைப் பொறுத்தவரை, மூடிய பானைக்குள் புகை போவதில்லை. மெல்லிய தீயின் ருசி காய்ந்த விறகிலும் வரும்.

கூரையில் ஏறப்போவது யார்?

வேலை என்று பார்த்தால் அதிகமில்லை. சாம்பலை அன்றாடம் அள்ள வேண்டும். கம்பித்தட்டுக்கடியில் சாம்பல் நிறைந்தால் காற்று நின்றுபோகும். மண்ணடுப்பில் விழும் கீறலைக் களிமண்ணும் சாம்பலும் குழைத்து வாரம் ஒருமுறை மெழுக வேண்டும். பானை உட்காரும் குமிழ் தேய்ந்தால் இடைவெளி மாறி எரிவதும் மாறும். குழாய்க்குள் படியும் கரியை, தினமும் எரியும் அடுப்பென்றால் மாதத்துக்கு ஒருமுறையாவது தட்டி எடுக்க வேண்டும். அப்படியே விட்டால் புகை திரும்பி அறைக்குள் வரும். படிந்த கரி தீப்பிடிக்கவும் கூடும், மேலே கீற்றுக்கூரை என்றால் அதன் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. பழைய திட்டங்களில் வைத்த ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் குழாய் இன்னும் இருந்தால் அதை அறுக்கவோ உடைக்கவோ கூடாது. உலோகக் குழாய்க்கு மாறும்போது முழுசாகக் கழற்றி எடுக்க வேண்டும்.

இந்தப் பட்டியலில் தவறிப்போவது குழாய்தான். காரணத்தைச் சோம்பலில் தேட வேண்டாம். புகையைச் சுவாசிக்கிறவர் பெரும்பாலும் வீட்டுப் பெண். குழாயைத் துப்புரவு செய்யக் கூரையில் ஏற வேண்டியவர் வீட்டு ஆண். இருமுகிறவருக்கு ஏணி எட்டாது, ஏணி எட்டுகிறவருக்கு இருமல் கேட்காது. ஒடிசாவில் அடைத்துப்போன குழாய்களுக்குப் பின்னால் இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். அடுப்பு வாங்கும்போது, குழாய் நேராக ஏறுகிறதா, அதன் அடியில் கைக்கெட்டும் உயரத்தில் திறக்கும் மூடி இருக்கிறதா என்று கேளுங்கள். அந்த மூடியைத் திறந்து, நீண்ட குச்சியில் கட்டிய தேங்காய்நார்க் கற்றையைக் கீழிருந்தே மேலே செலுத்திக் கரியை உதிர்த்துவிடலாம். கூரையில் யாரும் ஏற வேண்டாம். மூடி இல்லாத குழாயாக இருந்தால், வாங்குவதற்கு முன் தகரப் பட்டறையில் கொடுத்து அடியில் ஒரு 'டி' இணைப்பை வைத்துக்கொள்ளுங்கள்.