பின்னங்கால் வலிக்கு முதுகில் ஊசி ஏன்?

வயதான நாய் காலையில் எழுந்து நிற்கத் திணறுகிறது. மாத்திரையோடு அக்குபங்சரும் செய்து பார்க்கலாம் என்கிறார் கால்நடை மருத்துவர். போனால், தடுமாறும் காலை விட்டுவிட்டு முதுகில் ஊசி குத்துகிறார். வீட்டாருக்குக் குழப்பம்.

சீன மருத்துவத்தின் கணக்கு வேறு. ‘சி’ எனும் உயிர்ச்சக்தி மெரிடியன் என்ற பாதைகளில் ஓடுகிறது, பாதை அடைபட்டால் வலி வருகிறது என்பது அதன் கொள்கை. சிறுநீர்ப்பைப் பாதை முதுகெலும்பின் இரு பக்கமும் இறங்கி, பின்னங்காலின் கடைசி விரல் வரை போகிறது. அதனால் வலிக்கும் இடுப்பருகே ஒரு புள்ளி, அதே பாதையில் தள்ளி, முழங்காலுக்குப் பின்னால் ‘சிறுநீர்ப்பை 40’ என இன்னொரு புள்ளி. எலும்புக்குப் பொறுப்பு சிறுநீரகம் என்றும் அம்மருத்துவம் சொல்கிறது. ஆகவே முதுகில் சிறுநீரகத்துக்கு உரியதான ‘சிறுநீர்ப்பை 23’ சேர்கிறது. பெயரைக் கேட்டு, நாய்க்குச் சிறுநீரகக் கோளாறு என்று பயப்பட வேண்டாம்.

ஒரே மூட்டுவலிக்கு எல்லா நாய்க்கும் ஒரே புள்ளிகள் இல்லை. மழை நாளில் வலி கூடி, வெயிலில் படுத்தால் தேறும் நாய் ‘குளிர்’ வகை. ஊசியோடு மூலிகைப் புகைச் சூடும் தருவார்கள். மூட்டு சூடாக வீங்கி, சிமெண்டுத் தரையைத் தேடிப் படுப்பது ‘சூடு’ வகை. அதற்குச் சூடு ஆகாது. இதைப் பிரித்தறியத்தான் மருத்துவர் நாக்கின் நிறத்தைப் பார்ப்பதும், பின்தொடையின் உட்புறம் நாடி பிடிப்பதும்.

மனிதனுக்கான படத்தைப் பார்த்து வீட்டிலேயே குத்த நினைப்பது ஆபத்து. பழைய சீன விலங்கு வைத்தியம் பெரும்பாலும் குதிரையைப் பற்றியது. 1608இல் வெளிவந்த புகழ்பெற்ற நூலும் குதிரைக்கானதே. நாயின் மெரிடியன் படம் பெரிதும் மனித உடலிலிருந்து பெயர்த்து வரையப்பட்டது. மனிதனுக்கு இடுப்பு முள்ளெலும்பு 5, நாய்க்கு 7. ‘பாய் ஹுய்’ என்ற புள்ளி மனிதனுக்கு உச்சந்தலையில்; நாய்க்கோ இடுப்பு முடியும் இடத்தில்! சினை நாய்க்குச் சில புள்ளிகள் கூடாது. கட்டியின் மேல் குத்தவும் கூடாது.

மெரிடியனை உடற்கூறில் யாரும் கண்டெடுத்ததில்லை. வலி குறைய ஊசி உதவலாம் என்று பல கால்நடை மருத்துவர்கள் கருதினாலும், மருந்தோடு சேர்த்தே செய்கிறார்கள்.

நேற்றுவரை ஓடிய நாய் இன்று பின்னங்காலை இழுத்துக்கொண்டு வந்தால், புள்ளி தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. முதுகெலும்புத் தட்டு பிதுங்கியிருக்கலாம். டாக்ஸ்ஹுண்ட் போன்ற குட்டைக்கால் நாய்களுக்கு இது அடிக்கடி வரும். விரலை அழுத்திக் கிள்ளினாலும் வலி தெரியாத நிலை வந்துவிட்டால், அறுவை சிகிச்சைக்குக் கிடைக்கும் அவகாசம் மணிக்கணக்கில்தான். அன்றே கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல வேண்டும்.