கோப்பை வாங்கிய அணி கடைசி இடத்தில்!
பொம்மையார்பாளையம் ரசிகர் கேட்கும் கணக்கு

புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் ஊர் பொம்மையார்பாளையம். விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஒரு பக்கம் சாலை. மறு பக்கம் கடல்.

அந்த ஊரில் ஒரு கால்பந்து ரசிகர். மீன் பிடிப்பது தொழில். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. "சென்னையின் எப்.சி." அணி என்றால் அவருக்கு உயிர்!

"விழுப்புரம் மாவட்டத்துக்காரருக்குச் சென்னை அணி மேல் என்ன பாசம்?" என்று யாராவது கேட்டால் போதும். அவருக்குக் கோபம் வந்துவிடும்.

"புதுச்சேரியிலே ஐ.எஸ்.எல். டீம் இருக்கா? விழுப்புரத்திலே இருக்கா? பஸ் ஏறினா நாலு மணி நேரத்திலே போய்ப் பார்க்கிற டீம் இது ஒண்ணுதானே!" என்பார்.

ஐ.எஸ்.எல். என்பது "இந்தியன் சூப்பர் லீக்" போட்டி. 2014-ம் ஆண்டில் தொடங்கியது. அதில் 2015-ம் ஆண்டில் சென்னை அணி கோப்பையை வென்றது. அந்த டிசம்பரில் சென்னையே வெள்ளத்தில் மிதந்தது. சென்னையில் நடக்க வேண்டிய அரை இறுதி ஆட்டம்கூட புனேக்கு மாற்றப்பட்டது. அப்படி இருந்தும் கோப்பை வந்தது!

மறுபடியும் 2018 மார்ச் 17-ந் தேதி. பெங்களூரில் இறுதி ஆட்டம். ஒன்பதாவது நிமிடத்திலேயே சுனில் சேத்ரி கோல் போட்டுவிட்டார். சென்னை அணி அசரவில்லை. பிரேசில் நாட்டு வீரர் மெயில்சன் ஆல்வ்ஸ் தலையால் முட்டி இரண்டு கோல் போட்டார். முடிவில் 3-2. பெங்களூர் அணியை அதன் ஊரிலேயே சாய்த்துவிட்டார்கள்!

பொம்மையார்பாளையம் ரசிகர் அன்று தெருவுக்கே மிட்டாய் கொடுத்தார்.

பிறகு என்ன ஆயிற்று?

அடுத்த போட்டி 2018 செப்டம்பர் கடைசியில் தொடங்கியது. முதல் ஆட்டத்தில் பெங்களூரிடம் தோல்வி. அடுத்து சென்னையில் கோவாவிடம் 3-1 தோல்வி. மூன்றாவது ஆட்டமும் சென்னையில்தான். வடகிழக்கு அணிக்கு எதிராக 3-1 என்று சென்னை முன்னணியில் இருந்தது. அதையும் கோட்டைவிட்டு 4-3 என்று தோற்றார்கள்.

அந்த ஆட்டத்துக்கு ரசிகர் தம் மகனையும் அழைத்துப் போயிருந்தார். கல்லூரியில் படிக்கும் பையன். இரவு ஏழரை மணிக்கு ஆட்டம். முடிந்து, கோயம்பேட்டுக்குப் போய் பஸ் பிடித்து, ஊர் வந்து சேர விடிகிற நேரம் ஆகிவிட்டது. அன்றைக்குக் கடலுக்குப் போகவில்லை. அந்த வருமானம் போயிற்று. இரண்டு பேருக்குப் பஸ் செலவு, டிக்கெட் செலவு வேறு.

"அப்பா, இனிமே நான் வரலை. தோக்கறதைப் பார்க்க இவ்வளவு தூரம் வரணுமா?" என்றான் பையன்.

அவர் பதில் பேசவில்லை.

முதல் வெற்றி கிடைத்தது நவம்பர் 6-ந் தேதி. அன்று தீபாவளி! புனேயில் 4-2. அதற்குப் பிறகு அடுத்த வெற்றிக்கு மூன்று மாதம் காத்திருக்க வேண்டி வந்தது.

மொத்தம் 18 ஆட்டம். வெற்றி 2. சமநிலை 3. தோல்வி 13. வெற்றிக்கு 3 புள்ளி, சமநிலைக்கு 1 புள்ளி என்பது கணக்கு. சென்னை எடுத்தது 9 புள்ளி. பத்து அணிகளில் பத்தாவது இடம்!

வெந்த புண்ணில் வேல் பாய்ந்ததுபோல் இன்னொன்றும் நடந்தது. கோவையில் ஆடிய "சென்னை சிட்டி" அணி, அதே பருவத்தில் ஐ-லீக் கோப்பையை வென்றுவிட்டது! அதுவும் தமிழ்நாட்டு அணிதான். "பேசாம அந்தப் பக்கம் சேர்ந்துடுங்க, மாமா" என்று ஊர் இளைஞர்கள் கேலி செய்தார்கள். "கட்சி மாறுறதுக்கு நான் என்ன எம்.எல்.ஏ.வா?" என்று அவர் திருப்பிக் கேட்டார்.

"கேட்க ஆள் இருக்கு!"

ஊர்ப் பெரியவர் ஒருவர் ஆறுதல் சொன்னார்: "கடல்லே ஒரு நாள் மீன் வரும், ஒரு நாள் வராது. பந்தும் அப்படித்தான்."

ரசிகர் இதை ஒப்புக்கொள்ளவே இல்லை.

"அது வேற, இது வேற. மீன் வரலைன்னா யாரைப் போய்க் கேக்கறது? இங்கே கேக்க ஆள் இருக்கு!"

அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. கோப்பை வாங்கித் தந்த கேப்டன் ஹென்ரிக் செரெனோ போய்விட்டார். நடுக்களத்தைக் காத்த சென்னை வீரர் தனபால் கணேஷ் முழங்கால் காயத்தால் ஆட முடியவில்லை. முந்தின பருவத்தில் 9 கோல் அடித்தவர் மிசோரம் வீரர் ஜெஜே. இந்த முறை அவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு கோல்!

காயத்துக்கு யாரும் பொறுப்பு இல்லை. ஆனால் போனவர்கள் இடத்துக்குச் சரியான ஆள் பிடித்தார்களா? தோல்விக்கு மேல் தோல்வி வந்தும் பயிற்சியாளர் ஜான் கிரிகோரியை ஏன் மாற்றவில்லை? இதுதான் ரசிகரின் கேள்வி.

வெளிநாடுகளிலும் இப்படி நடந்தது உண்டு. இங்கிலாந்தில் 1937-ல் பட்டம் வென்ற மான்செஸ்டர் சிட்டி, மறு ஆண்டே கீழ்ப் பிரிவுக்குத் தள்ளப்பட்டது. ஜெர்மனியில் 1968-ல் பட்டம் வென்ற நியூரம்பர்க் அணிக்கும் 1969-ல் அதே கதி. அங்கே கடைசியில் வந்தால் தண்டனை உண்டு. சென்னைக்கு அப்போது அந்தத் தண்டனை இருக்கவில்லை. அதனால்தான் கேள்வி கேட்கும் வேலை ரசிகர் தலையில் விழுந்தது!

2019 பிப்ரவரி 9-ந் தேதி பெங்களூர் அணி சென்னைக்கு வந்தது. அந்த ஆண்டு கோப்பையைத் தட்டிச் சென்ற அணி அது. அதைச் சென்னை 2-1 என்று தோற்கடித்தது! ரசிகர் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பையன் வீட்டில் இருந்தான். வெற்றியைப் பார்க்க மகன் பக்கத்தில் இல்லையே என்பதுதான் அவருக்குக் குறை.

அதன்பின் ஆசியக் கோப்பைப் போட்டி ஒன்றில் சென்னை ஆடியது. அதிலும் ஒரு வேடிக்கை. "சொந்த ஊர்" ஆட்டங்கள் நடந்தது அகமதாபாத்தில்! பொம்மையார்பாளையத்தில் இருந்து அகமதாபாத்துக்கு எந்த பஸ்ஸில் போவது?

புதிய பயிற்சியாளர்

அடுத்த பருவமும் சறுக்கலாகவே தொடங்கியது. 2019 நவம்பர் முடிவில் கிரிகோரி விலகினார். ஓவன் காயில் வந்தார். அதே வீரர்கள் வேறு ஆட்டம் ஆடினார்கள். லிதுவேனியா நாட்டு வீரர் வால்ஸ்கிஸ் 15 கோல் குவித்தார்.

2020 பிப்ரவரி 29-ந் தேதி சென்னையில் அரை இறுதி ஆட்டம். டிக்கெட் வாங்கியது பையன்! அப்பாவும் மகனும் சேர்ந்தே போனார்கள். கோவா அணியைச் சென்னை 4-1 என்று விரட்டியது. திரும்பும் வழியில் பஸ்ஸில் இரண்டு பேரும் தூங்கவே இல்லை.

இறுதி ஆட்டம் மார்ச் 14-ந் தேதி கோவாவில் நடந்தது. கொரோனா பயத்தால் பார்வையாளர்களே இல்லாத மைதானம். கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணி 3-1 என்று வென்றது. வீட்டில் டெலிவிஷனில் பார்த்துக்கொண்டிருந்த ரசிகர், "போராடித்தானே தோத்தாங்க" என்று எழுந்து போய்ச் சாப்பிட்டார்.

ஆனால் சில மாதத்துக்குள் பயிற்சியாளர் காயிலும் வால்ஸ்கிஸும் ஜாம்ஷெட்பூர் அணிக்குப் போய்விட்டார்கள்.

"இவங்களை எப்படி விட்டாங்க?" என்று அவர் மறுபடியும் கேட்க ஆரம்பித்துவிட்டார். இந்த முறை பையனும் கூடச் சேர்ந்து கேட்டான்.