இராசாவைப் பொத்தி வைத்தால் கழுதை

கையில் இருக்கும் கடுதாசிகளை மற்றவர்களுக்கு முந்தித் தீர்த்துவிட்டு எழும்பும் விளையாட்டு, கழுதை. இதில் முதலாவதாக வந்தவர் யார் என்று எவரும் நினைவில் வைப்பதில்லை. எல்லாரும் கை கழுவிப் போன பின்பும் கடுதாசியோடு குந்தியிருப்பவர்தான் கழுதை. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இதற்கு இதே பெயர். பஞ்சாபில் தோற்றவரை ‘பாபி’, அதாவது அண்ணி, என்கிறார்கள். ரஷ்யாவில் 36 கடுதாசிகளோடு ஆடும் ‘துராக்’கின் விதிகள் வேறு, முடிவு மட்டும் இதேதான். கடைசியில் அகப்படுபவருக்கு அங்கே ‘முட்டாள்’ என்று பெயர்.

யாழ்ப்பாணத்தில் பெரியவர்களின் ஆட்டம் 304. அந்தக் கூட்டத்தில் கூட்டாளியாக இருக்கும் தகுதி ஒரு பிள்ளைக்கு உடனே கிடைக்காது. அதற்கு முன் விறாந்தையில் பாயை விரித்துப் பழக ஏற்றது கழுதை. ஏழெட்டு வயதுப் பிள்ளையும் அம்மம்மாவும் ஒரே பாயில் இருந்து, எவரும் எவருக்கும் விட்டுக்கொடுக்காமல் ஆடக்கூடிய விளையாட்டுகள் அதிகம் இல்லை. அந்தச் சிலவற்றுள் இது ஒன்று.

பழகுபவர் முதலில் பெயர்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டார் ‘சீட்டு’ என்பதை யாழ்ப்பாணத்தார் ‘கடுதாசி’ என்பார்கள். இது போர்த்துக்கேயச் சொல்லின் வழி வந்தது. நான்கு இனங்களின் பழைய பெயர்களோ ஒல்லாந்தருடையவை. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் 1795 வரை இருந்தார்கள். அவர்கள் ‘ஹார்ட்டன்’ என்றது ஆடுதன் ஆயிற்று. ‘ரௌதன்’ உருவிதன் ஆயிற்று. ‘கிளாவர்’ கலாவரை ஆயிற்று. ‘ஸ்கோப்பன்’ இஸ்கோப்பன் ஆயிற்று. சிங்களத்திலும் ஹாரத, ருயித, கலாபர, இஸ்கோப்ப என்று அதே நான்கும் வழங்குகின்றன. ஆடுதனும் உருவிதனும் சிவப்பு. கலாவரையும் இஸ்கோப்பனும் கறுப்பு. இன்றைய பிள்ளைகள் ஹார்ட்ஸ், ஸ்பேட்ஸ் என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். ஆனாலும் கோட்டை மதிலைவிட அதிகம் கைபட்ட ஒல்லாந்தர் கால மிச்சம் இந்த நான்கு சொற்கள்தான். அவை வீட்டுப் பேச்சிலிருந்து போய்விடக்கூடாது.

ஆட்டத்துக்கு ஒரு முழுக்கட்டு, 52 கடுதாசிகள் போதும். நான்கு பேர் என்றால் ஆளுக்குப் பதின்மூன்று. மூன்று பேரோ ஐந்து பேரோ இருந்தால் சிலருக்கு ஒன்று கூடும், அதனால் குழப்பம் ஒன்றும் இல்லை. ஒவ்வோர் இனத்திலும் ஆசு பெரியது. அதன்பின் இராசா, இராணி, ஜாக், பத்து என்று இறங்கி 2இல் முடியும். இதில் துரும்பு கிடையாது. இஸ்கோப்பன் ஆசு யாரிடம் இருக்கிறதோ அவர் அதைப் போட்டுத் தொடங்குவார். இறக்கிய இனம் கையில் இருந்தால் மற்றவர்களும் அதையே போட வேண்டும். எல்லாரும் போட்டுவிட்டால் அந்தக் கடுதாசிகள் கவிழ்த்து ஒதுக்கப்படும். அவை திரும்ப ஆட்டத்துக்கு வரமாட்டா. அந்தச் சுற்றில் பெரியதைப் போட்டவர் அடுத்ததை இறக்குவார்.

இதுவரை எல்லாருக்கும் நல்லதே நடக்கிறது. கேடு வருவது ஒருவரிடம் அந்த இனம் இல்லாதபோது. அவர் வேறு இனத்தில் எதையாவது போட்டு வெட்டுவார். வெட்டு விழுந்ததும் சுற்று அங்கேயே நின்றுவிடும். மிச்ச ஆட்கள் போட வேண்டியதில்லை. அதுவரை இறக்கிய இனத்தில் பெரியதைப் போட்டவர் எவரோ, அவர் பாயில் கிடப்பதை எல்லாம் அள்ள வேண்டும், வெட்டிய கடுதாசி உட்பட. அள்ளியவரே அடுத்ததை இறக்குவார்.

ஒரு சுற்றைக் கிட்ட இருந்து பார்க்கலாம். கலாவரை ஏற்கெனவே இரண்டு முறை முழுதாகச் சுற்றிப் போய்விட்டது. தம்பி கலாவரை 4ஐ இறக்குகிறான். அக்காவிடம் இருக்கும் ஒரே கலாவரை இராசா. வேறு வழியில்லாமல் போடுகிறாள். அடுத்திருக்கும் அம்மம்மாவிடம் கலாவரை இல்லை. கண்ணாடியை மூக்கில் சரிசெய்துகொண்டு, கையில் பாரமாக இருந்த இஸ்கோப்பன் இராணியைத் தூக்கி நடுவில் வைக்கிறார். “அக்கா, அள்ளுங்கோ!” என்று தம்பி துள்ளுகிறான். “ஏன் பிள்ளை, உந்த இராசாவை இவ்வளவு நேரமும் பொத்தி வைச்சிருந்தனி?” என்கிறார் அம்மம்மா.

புதிதாகப் பழகுபவர் எல்லாரும் செய்யும் பிழை அது. படம் போட்ட கடுதாசி பெறுமதியானது என்று கை தானாகவே அதைப் பின்னுக்கு ஒளிக்கும். கழுதையில் பெரியது பாரம், சிறியது காவல். எப்போது எதை விடுவது என்பதற்குச் சிறு கணக்கு ஒன்று உண்டு. ஓர் இனத்தில் பதின்மூன்று கடுதாசிகள். நால்வர் ஆடும்போது ஒரு முழுச் சுற்றுக்கு நான்கு போகும். முதற் சுற்று பெரும்பாலும் வெட்டில்லாமல் போய்விடும், இரண்டாவதும் அநேகமாகப் போகும். மூன்றாவது முழுதாகப் போக வேண்டுமானால் பிரித்தபோதே ஒருவருக்கு நான்கும் மற்ற மூவருக்கும் மும்மூன்றுமாக விழுந்திருக்க வேண்டும். அது அரிதாகவே அமையும். நான்காம் சுற்றுக்கோ, மிஞ்சிய ஒரு கடுதாசி நால்வருக்கும் காணாது. ஆகவே ஆசும் இராசாவும் முதல் இரண்டு சுற்றுகளிலேயே போய்த் தொலைய வேண்டும். இரண்டும் மூன்றும் அதற்குப் பின்னால் வர வேண்டும். அக்கா இந்த ஒழுங்கைத் தலைகீழாகச் செய்தாள்.

கையில் எந்த இனம் குறைவோ அதை முதலில் தீர்ப்பதும் உதவும், ஏனென்றால் ஓர் இனம் அறவே இல்லாதவருக்குத்தான் வெட்டும் உரிமை. இந்த இரண்டையும் ஒரு மாலையில் கற்றுவிடலாம். நினைவு வைத்திருக்கத்தான் நாள் எடுக்கும். எந்த இனம் எத்தனை தடவை சுற்றியது, யார் எதில் வெட்டினார், அள்ளியவர் கைக்கு என்னென்ன போயின என்பதெல்லாம் எல்லாரும் பார்க்க நடந்தவை. ஆனால் ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கையில் அவற்றைச் சரியாகச் சொல்லக்கூடியவர் பாயில் ஒருவர்தான் இருப்பார். அவர் கழுதையாவது அருமை. அம்மம்மா வெட்டிய பின்பு அவரிடம் கலாவரை இல்லை என்பது எல்லாருக்கும் தெரிந்த செய்தி. அவர் கையில் புதிதாக ஏதும் அள்ளாதவரை, அவருக்கு முன்னால் பெரிய கலாவரையைப் போடுவது தானே போய்ப் பொறியில் விழுவது போன்றது.

சில விதிகள் வீட்டுக்கு வீடு மாறும். முதற் சுற்றில் விழும் வெட்டுக்கு அள்ளத் தேவையில்லை என்பது பரவலான வழக்கம். கடைசிக் கடுதாசியால் சுற்றைப் பிடித்தவர் எழும்பிவிட்டால் அடுத்தவர் இறக்குவதா, எழும்பியவர் ஒதுக்கியதிலிருந்து ஒன்றை எடுத்து இறக்குவதா என்பதில் சண்டை வரும். இனம் இருக்கத்தக்கதாக மறந்தோ மறைத்தோ வெட்டியவருக்கு என்ன தண்டனை என்பதிலும் வரும். கட்டைக் குலுக்கும் முன்பே இவற்றைப் பேசி முடிப்பது நல்லது. முக்கியமாகச் சின்னப் பிள்ளைகள் இருக்கும் பாயில், நடுவில் மாறும் விதி அவர்களுக்குப் பெரிய அநியாயமாகப் படும். அது நியாயமான கோபமும்கூட.

கழுதை நன்றாகக் கைவந்த பிள்ளை 304க்குப் போகும்போது இனம் மாறாமல் போடுவதும், போனதை எண்ணி வைப்பதும், இனம் தீர்ந்தபின் வெட்டுவதும் அங்கேயும் பயன்படும், அங்கே வெட்டுவது துரும்பால். பெறுமதிகளையும் புதிதாகப் படிக்க வேண்டும். 304இல் ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, இராசாவுக்கு 3, இராணிக்கு 2. இனத்துக்கு 76 ஆக நான்கு இனங்களுக்கும் சேர்த்து 304. ஏழுக்கும் எட்டுக்கும் பெறுமதி இல்லை. இரண்டு முதல் ஆறு வரையான இருபது கடுதாசிகளுக்குக் கட்டிலேயே இடம் இல்லை. அத்தனை நாளும் கழுதையாகாமல் காத்த சின்னக் கடுதாசிகளை எல்லாம் பொறுக்கி ஒதுக்கிவிட்டுத்தான் அந்தப் பிள்ளை தன் முதல் 304ஐப் பிரிக்கும்.