ஒன்று ஓய்ந்தாலும் ஓயாத ராடார்

திருப்பதிக்கும் சித்தூருக்கும் இடையே, மலைகள் சூழ்ந்த காதங்கியில், வரிசைக்கு 32 வீதம் 32 வரிசைகளில் 1,024 ஏரியல்கள் நிற்கின்றன. தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக்கூடத்தின் ராடார் இது. 53 மெகாஹெர்ட்ஸ் அலைகளை வானில் செலுத்தி, திரும்பிவரும் மெல்லிய எதிரொலியைக்கொண்டு பல கிலோமீட்டர் உயரத்துக் காற்றின் வேகத்தை இது கணிக்கின்றது.

1990-களின் முற்பகுதியில் இது இயங்கத் தொடங்கியபோது, வெற்றிடக் குழல்களாலான 32 பெரிய செலுத்திகள் ஆற்றலை அளித்தன. ஒரு செலுத்தி பழுதுற்றால் அதனைச் சார்ந்த 32 ஏரியல்களும் ஊமையாயின. பின்னர் புதுப்பித்தபோது, ஏரியல் ஒவ்வொன்றுக்கும் ஒரு கிலோவாட் திறனுள்ள குறைகடத்திச் சாதனத்தைத் தனித்தனியே பொருத்தினர். இன்று ஒன்று ஓய்ந்தாலும் எஞ்சிய 1,023 பணிபுரியும். அலைக்கதிரின் திசையையும் விரைந்து மாற்றலாம்.

இதன் பயன் யாது? நேற்று வீசிய காற்றை இன்று அளக்க இயலாது. இடையறாத பல்லாண்டுப் பதிவே பருவக்காற்றின் மாறுதல்களைப் புலப்படுத்தும். பள்ளியின் மழைமானிப் பதிவேட்டுக்கும் இவ்விதி பொருந்தும்: அளக்க இருவர் பழகியிருத்தல் வேண்டும், ஏட்டின் படியொன்று வேறிடத்தில் இருத்தல் வேண்டும்.