கூச்சலிடக் கற்பியுங்கள்!

தற்காப்பு என்றவுடன் குஸ்தியும் சிலம்பமுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் எதிரியை வீழ்த்துவதன்று அதன் நோக்கம். ஆபத்தினின்று தப்பி வீடு சேர்வதேயாகும். 1860-ஆம் வருஷத்துத் தண்டனைச் சட்டம் வகுத்த இவ்வுரிமையை, 2024 ஜூலை முதல் அமுலிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் அளிக்கிறது. தன் உடலையும் பிறர் உடலையும் காக்கலாம். தேவைக்கு மேல் தீங்கிழைக்கலாகாது.

சட்டம் இடங்கொடுத்தும் பயனென்ன? வகுப்பில் ஒருநாள் மாணவிகளைக் கூச்சலிடச் சொன்னோம். ஒருத்திக்கும் குரல் எழவில்லை! அடக்கம் என்று சொல்லிச் சொல்லி அக்குரலை ஒடுக்கியவர்கள் நாமே அல்லவா?

மணிக்கட்டைப் பற்றியவனது பிடி, அவன் கட்டைவிரல் பக்கத்தில்தான் பலவீனமானது. அப்பக்கமாகக் கையை வெடுக்கென்று இழுத்து, கூவிக்கொண்டே ஓடவேண்டும். பழகப் பழகவே இது கைவரும். பெற்றோர்களே, இன்று மாலையே வீட்டில் தொடங்குங்கள். அண்டை வீட்டார் கேட்டால் கேட்கட்டும்!