மலையைத் தாண்டி வரும் சிற்றலை

நீலகிரி அடிவாரத்தில் இருக்கும் காரமடையில் பண்பலை ஒலிபரப்பை மலை மறைக்கக்கூடும். பண்பலை நேர்கோட்டில் செல்வது. சிற்றலையோ வானேறி, ஏறத்தாழ 300 கி.மீ. உயரத்தில் சூரிய ஒளியால் மின்னேற்றம் பெற்ற அயனி மண்டலத்தில் வளைந்து, ஆயிரக்கணக்கான கி.மீ. தள்ளி இறங்கும். 1963இல் தொடங்கிய சீன வானொலியின் தமிழ்ச் சேவை தமிழகக் கிராமங்களை எட்டியது இப்படித்தான்.

பகலில் 60–90 கி.மீ. உயரத்திலுள்ள அயனி மண்டலக் கீழடுக்கு குறைந்த அதிர்வெண்களை விழுங்கிவிடும். அந்தி சாய்ந்தால் அது கரையும். அதனால் பகலில் 13–17 மெகாஹெர்ட்ஸ், இரவில் 6–9 மெகாஹெர்ட்ஸ் பகுதிகளில் தேடுவது நல்லது.

சிற்றலை எடுக்கும் சாதாரண ரேடியோவும் 10 மீட்டர் செம்புக் கம்பியும் போதும். உறையுள்ள கம்பியின் ஒரு முனையைத் தென்னையில் கட்டி, மறுமுனையை உரித்து ஏரியலில் சுற்ற வேண்டும். எல்.இ.டி. விளக்கை அணைத்தால் இரைச்சல் குறையும். மின்னல் வெட்டத் தொடங்கும் முன்பே கம்பியைக் கழற்றிவிடுவது கட்டாயம்.

பி.பி.சி. தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017இல் நின்றது பேரிழப்பே. ஆனாலும் கேட்ட தேதி, நேரம், அதிர்வெண், ஒலித்தரம் ஆகியவற்றை எழுதி அனுப்பும் நேயர்களுக்கு வண்ண அட்டை அனுப்பும் நிலையங்கள் இன்னும் உண்டு.