ஐந்து நட்சத்திரமும் அடங்காத கோபமும்

பாடம் முடிந்ததும் திரையில் ஐந்து நட்சத்திரங்கள் தோன்றுகின்றன. எத்தனை தருகிறீர்கள்? ஐந்தையும் அழுத்திவிட்டால் தொல்லை தீர்ந்தது, சான்றிதழ் தயார். பெங்களூர் காக்ஸ் டவுனின் மாடி வீடுகளில் லேப்டாப்புடன் வேலை பார்க்கும் இளைஞர்களுக்கு இது பழகிப்போன சடங்கு. சக ஊழியருடனோ மேலாளருடனோ மோதல் வந்தால் எப்படித் தீர்ப்பது என்று ஆன்லைனில் கற்றுத்தரும் பாடத்துக்கு அவர்கள் போடும் மதிப்பெண் அது. நிர்வாகத்துக்குப் பரம திருப்தி. ஆனால் அந்த நட்சத்திரங்களுக்கு என்ன மதிப்பு?

ரொம்பக் குறைவுதான். அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கர்க்பாட்ரிக் 1959-லேயே பயிற்சியை நான்கு படிகளில் எடைபோடச் சொன்னார்: பிடித்ததா, கற்றார்களா, நடத்தை மாறியதா, பலன் கிடைத்ததா? பல நிறுவனங்கள் முதல் படியிலேயே உட்கார்ந்துவிட்டன. ஜார்ஜ் அல்லிகரும் சகாக்களும் பல ஆய்வுகளைத் தொகுத்து 1997-ல் வெளியிட்ட முடிவு இன்னும் சங்கடமானது. பயிற்சி பிடித்திருந்தது என்பதற்கும் கற்றுக்கொண்டதற்கும் பெரிய தொடர்பு இல்லை. 'வேலைக்கு உதவுமா?' என்று கேட்டுப் பெற்ற பதில்கள் கொஞ்சம் தேவலை.

பாடத்திலும் கோளாறு உண்டு. கென்னத் தாமஸ், ரால்ஃப் கில்மேன் இருவரும் 1974-ல் உருவாக்கிய சோதனை, மோதலைக் கையாள ஐந்து வழிகளைச் சொல்கிறது: போட்டி, ஒத்துழைப்பு, சமரசம், தவிர்த்தல், விட்டுக்கொடுத்தல். ஒவ்வொன்றுக்கும் ஏற்ற நேரம் உண்டு என்பதே அவர்கள் வாதம். இதைச் சுருக்கித் தரும் பாடங்களிலோ 'ஒத்துழைப்பு' என்று டிக் அடித்தால் போதும், பாஸ். மேலாளரை எதிர்த்துப் பேச முடியாத புது ஊழியர் நிஜத்தில் செய்வதெல்லாம் கடைசி இரண்டும்தான்.

மொழி இன்னொரு சிக்கல். கன்டோன்மென்ட் காலத்திலிருந்தே தமிழர்கள் வாழும் இந்த வட்டாரத்தில் தமிழும் கன்னடமும் உருதுவும் ஆங்கிலமும் ஒரே தெருவில் கேட்கும். பாடம் ஆங்கிலத்தில், கோபம் வருவதோ தாய்மொழியில். 'நீங்கள்' திடீரென்று 'நீ' ஆகும்போது, கன்னடத்தில் 'நீவு' 'நீனு' ஆகும்போது, பாதிச் சண்டை தொடங்கிவிடுகிறது. ஆங்கிலத்தின் 'யூ'வுக்கு இந்த வலி தெரியாது. இதைக் கருத்துப் படிவத்தில் எழுதலாமே என்றால், ஊழியர் எண்ணைப் போட்டுத்தான் உள்ளே நுழைந்திருப்பார். மேலாளரைப் பற்றிய குறையை மேலாளர் கண்ணில் படும் இடத்தில் யார் எழுதுவார்?

எழுதப்படாத குறை எங்கே போகும்? காக்ஸ் டவுனிலிருந்து பழைய மதராஸ் சாலையில் கிழக்கே போனால் கோலார் மாவட்டத்து நரசாபுரா. அங்கே ஆப்பிள் ஐபோன்களைத் தயாரித்த விஸ்ட்ரான் ஆலையை 2020 டிசம்பர் 12 அன்று தொழிலாளர்கள் அடித்து நொறுக்கினார்கள். சம்பளமும் ஓவர்டைம் பணமும் சரியாக வரவில்லை என்பது அவர்கள் புகார். வருகைப் பதிவில் குழப்பம் இருந்தது, பெருகிய ஆட்களைச் சமாளிக்கும் அளவுக்கு மனிதவளத் துறை இல்லை என்று மாநிலத் தொழிற்சாலைகள் துறையின் ஆய்வு கண்டது. சம்பளக் கணக்கு தப்பாக இருக்கும்போது பொறுமையாகப் பேசக் கற்றுக்கொடுத்து என்ன பயன்?

பாடம் முடிந்த நிமிடத்தில் கேட்காமல் மூன்று மாதம் கழித்து, பெயர் இல்லாமல் கேட்டால் உருப்படியான பதில் வரலாம். 'பிரச்சினை வந்ததா, யாரிடம் போனீர்கள், தீர்ந்ததா?' - இந்த மூன்று கேள்விகளே போதும். ஆனால் போவதற்கு ஓர் இடம் இருக்க வேண்டுமே.

சட்டப்படி இருக்கிறது. ஐ.டி. நிறுவனங்களுக்கு நிலையாணைச் சட்டத்திலிருந்து கர்நாடக அரசு 2014-ல் மீண்டும் விலக்கு தந்தபோதே, குறைதீர்ப்புக் குழு அமைக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டது. 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பின்படி 20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள இடங்களில் இக்குழு கட்டாயம். நிர்வாகத்துக்கும் தொழிலாளர்களுக்கும் சம எண்ணிக்கையில் இடம்; பெண்களுக்கும் உரிய பங்கு. மனு வந்த 30 நாளில் விசாரணையை முடிக்க வேண்டும்.